வழக்குக் கோப்பில் சேராத இழப்புகள்

(வெறுப்புக் குற்றங்கள் பற்றிய ஆய்வுகளும் பாதிக்கப்பட்டோர் நிலையும் என்ற பொருள் பற்றி, தில்லியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வெறுப்புக் குற்றம்’ என்னும் சொல்லாட்சி கடந்த சில பத்தாண்டுகளாகக் குற்றவியல் ஆய்வுகளில் பெருவழக்காகியுள்ளது. ஒருவர் செய்த செயலுக்காக அன்றி, அவருடைய பிறப்பு, குலம், இனம், சமயம், மொழி, தோற்றம் ஆகியவற்றின் பொருட்டு அவரைத் தாக்குவதையும் இழிவுபடுத்துவதையும் இச்சொல் குறிக்கிறது. சொல் புதியது, பொருள் நமக்கு மிகவும் பழையது. அரசியல் சட்டத்தின் 17-வது விதி தீண்டாமையை ஒழித்தது. 46-வது விதி நலிந்த பிரிவினரைச் சமூக அநீதியிலிருந்து காக்கும் பொறுப்பை அரசின் மேல் சுமத்தியது. வெறுப்பின் அடிப்படையில் எழும் குற்றத்தைப் பற்றி மேல்நாட்டு அறிஞர்கள் ஆராயத் தொடங்குவதற்கு முன்னரே நம் அரசியல் சட்டம் அதனை இனங்கண்டுவிட்டது என்று கூறுவது மிகையாகாது.

நான் பொருளாதாரம் பயின்றவன். எனவே இப்பொருளை ஓர் இழப்புக் கணக்காகவே அணுக விரும்புகிறேன். இத்தகைய குற்றத்தால் விளையும் இழப்பு எவ்வளவு? அது யார் யார் மீது விழுகிறது? எவ்வளவு காலம் நீடிக்கிறது? அதில் எவ்வளவு பங்கை நம் நிவாரண ஏற்பாடுகள் ஈடு செய்கின்றன? இவையே இன்று நான் எடுத்துக்கொள்ளும் வினாக்கள். ஆழத்திலும் பரப்பிலும் காலத்திலும் இவ்விழப்பு வழக்குக் கோப்பில் காணப்படுவதைவிட மிகப் பெரியது என்பதும், அதை அளந்து பதிவு செய்ய நம் அலுவலகங்கள் கற்றுக்கொள்ளாத வரை நிவாரணமும் சரி, வளர்ச்சித் திட்டங்களும் சரி, குறைபட்டே நிற்கும் என்பதும் என் கருத்து.

எண்கள் கூறுவதும் கூறாததும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி, பட்டியல் இனத்தவருக்கு எதிரான குற்றங்கள் என 2022-இல் நாடு முழுவதும் 57,582 வழக்குகளும், 2023-இல் 57,789 வழக்குகளும் பதிவாயின. பழங்குடியினருக்கு எதிரானவை 2022-இல் 10,064, 2023-இல் 12,960. இவ்வழக்குகளில் தண்டனையில் முடிபவற்றின் விகிதம் பாதிக்கும் குறைவு.

இந்த எண்களைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. எண் உயர்ந்தால் குற்றம் பெருகியது என்றும் பொருள் கொள்ளலாம். முறையிடும் துணிவு பெருகியது என்றும் பொருள் கொள்ளலாம். மேலும், ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழித்ததும் ஒரு வழக்கு. ஒரு குடியிருப்பையே தீயிட்டுக் கொளுத்தியதும் ஒரு வழக்காகப் பதிவாகக் கூடும். குற்றம் பதிவான நாளோடு புள்ளிவிவரம் நின்றுவிடுகிறது. அதன் பின்னர் அக்குடும்பம் ஊரில் இருந்ததா, வெளியேறியதா, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்களா, நிலத்தில் வேலை கிடைத்ததா என்பவை எந்தப் பட்டியலிலும் இடம் பெறுவதில்லை.

தமிழகத்தில் அன்றைய கீழைத் தஞ்சைப் பகுதியில் உள்ள கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் இடையிலான தகராறு அதன் பின்னணி. அதைக் கூலித் தகராறு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பொருந்தாது. கேட்டவர்கள் கேட்கும் தகுதியே இல்லாதவர்கள் என்ற எண்ணமே அத்தகராறுக்கு அவ்வளவு கொடிய முடிவைத் தந்தது. கணபதியா பிள்ளை குழுவின் பரிந்துரையை அடுத்து 1969-இல் தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. கூலியைப் பொறுத்தவரை அரசு செயல்பட்டது. குற்றத்தைப் பொறுத்தவரை, கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். தீர்ப்போடு கோப்பு முடிந்தது; எரிந்த வீடுகளின் உறவினர் வாழ்ந்த வாழ்க்கை முடியவில்லை.

ஆழம்: ஏன் இந்தக் காயம் ஆற மறுக்கிறது?

ஒரே அளவான அடி, ஒரே அளவான பொருள் இழப்பு. ஒன்று வழிப்பறியில் நேர்ந்தது; மற்றொன்று வெறுப்பினால் நேர்ந்தது. இரண்டின் விளைவும் ஒன்றாகுமா? இவ்வினாவை அமெரிக்க உளவியல் அறிஞர் கிரெகரி ஹெரெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பகுதியில் ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். தன்பால் ஈர்ப்புடையோர் 2,000க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டப்பட்டது. பிற காரணங்களுக்காகத் தாக்கப்பட்டவர்களைக் காட்டிலும், தம் அடையாளத்துக்காகத் தாக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வு, சினம், பதற்றம் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. நீண்ட காலம் நீடிக்கவும் செய்தன.

இதன் காரணம் அறிவதற்கு அரியதன்று. வழிப்பறிக்கு ஆளானவர், ‘இரவில் அவ்வழியே சென்றிருக்கக் கூடாது’ என்று எண்ணி வழியை மாற்றிக்கொள்ளலாம். பிறப்புக்காக அடிபட்டவர் எதை மாற்றிக்கொள்வது? தாக்கியவர் அயலாராக இல்லாமல், அடுத்த தெருவில் வசிப்பவராகவும், கூலி கொடுப்பவராகவும், நீர் எடுக்கும் இடத்தில் நாள்தோறும் எதிர்ப்படுபவராகவும் இருந்துவிட்டால், குற்றம் நடந்த இடமே வாழும் இடமாகவும் ஆகிவிடுகிறது. நம் கிராமங்களில் நிகழும் வன்கொடுமைகளின் தனித்தன்மை இதுவே. மேல்நாட்டு ஆய்வுகள் பலவற்றில் தாக்கியவர் தெருவில் கண்ட அந்நியர். இங்கோ அவர் வேலை கொடுப்பவர். சில வேளைகளில் கடன் கொடுத்தவரும் ஆவார். ஆகவே நம் நாட்டில் உள்ளத்தின் காயமும் பிழைப்பின் காயமும் பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளன.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1930-இல் வட்டமேசை மாநாட்டின்போது தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான பாதுகாப்புகள் பற்றி அளித்த திட்டத்தில், சமூக விலக்கைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வேலை தர மறுத்தல், கடையில் பொருள் தர மறுத்தல், வழி மறுத்தல் ஆகியவை உடலில் எந்தக் காயத்தையும் ஏற்படுத்துவதில்லை. எனினும் நிலமில்லாத ஒரு குடும்பத்தை ஒரே வாரத்தில் பணிய வைக்க அவை போதும்.

பரப்பு: அடிபடாதவர்களும் பாதிக்கப்பட்டவர்களே

வெறுப்புக் குற்றம் ஒருவர் மீது நிகழ்ந்தாலும் அது ஒரு செய்தியைத் தாங்கி வருகிறது. ‘உங்களுக்கும் இதுவே நேரும்’ என்பதே அச்செய்தி. பார்பரா பெர்ரி முதலிய ஆய்வாளர்கள் இக்கருத்தை விரிவாக எழுதியுள்ளனர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாம் தாக்கப்படாமல் தம் சமூகத்தைச் சேர்ந்த பிறர் தாக்கப்பட்டதைக் கேள்வியுற்றவர்களிடமும் சினமும் பதற்றமும் மிகுவதையும், அவர்கள் தம் நடமாட்டத்தையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்வதையும் கண்டறிந்தனர்.

இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. 2012 ஜூலையில் அசாமின் கொக்ராஜார் பகுதியில் வன்முறை மூண்டது. அடுத்த மாதம் பெங்களூரு, புனே, சென்னை ஆகிய நகரங்களில் வேலை செய்தும் படித்தும் வந்த வடகிழக்கு மாநிலத்தவரிடையே, தாங்களும் தாக்கப்படுவோம் என்ற வதந்தி பரவியது. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் கல்வியையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினர். பெங்களூரிலிருந்து குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் இயக்கப்பட்டன. அச்சத்தினாலேயே வெளியேறிய அம்மக்கள் இழந்த ஊதியத்தையும் தேர்வுகளையும் எந்தக் காவல் நிலையத்தின் பதிவேட்டில் தேடுவது?

தில்லியிலேயே 2014 ஜனவரி இறுதியில், லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தம் தோற்றத்தைக் கேலி செய்ததை ஒட்டி எழுந்த தகராறில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதன் பின்னர் எம்.பி. பெஸ்பருவா தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை அளித்தது. இன அடிப்படையிலான இழிசொல்லையும் தாக்குதலையும் குற்றமாக்கும் புதிய சட்டப் பிரிவுகளை அக்குழு பரிந்துரைத்தது. தில்லி காவல்துறையில் வடகிழக்கு மாநிலத்தவருக்கெனத் தனிப் பிரிவும் 1093 என்ற தொலைபேசி உதவி எண்ணும் ஏற்பட்டன. அப்பரிந்துரைகளின் சிறப்பு, கொலையை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்திய இழிசொல்லையும் பார்த்தது. வாடகைக்கு வீடு தேடும்போதும் கடைத்தெருவிலும் நாள்தோறும் காதில் விழும் சொல்லே பின்னர் அடியாக மாறுகிறது.

பொருளாதார நோக்கில் கூறினால், அச்சம் என்பது ஒரு சமூகத்தார் மீது மட்டும் விதிக்கப்படும் வரியைப் போன்றது. அவ்வரியைச் செலுத்துபவர், நல்ல ஊதியமுள்ள வேலையைத் தொலைவு கருதி விடுகிறார். மகளின் மேற்படிப்பை நிறுத்துகிறார். நியாயமான கூலியைக் கேட்காமல் இருந்துவிடுகிறார். வரியைப் பெறுபவர் ஒருவரும் இல்லை. நாட்டின் உற்பத்தி மட்டும் குறைகிறது.

காலம்: தலைமுறை கடந்த கணக்கு

1984 நவம்பரில் தில்லியில் சீக்கியர்களுக்கு எதிராக நிகழ்ந்த வன்முறையில் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. தில்லிப் பல்கலைக்கழக மானிடவியல் அறிஞர் வீணா தாஸ், சுல்தான்புரியில் உயிர் பிழைத்தவர்களோடு நீண்ட காலம் பழகி ஆராய்ந்தார். உமா சக்கரவர்த்தியும் நந்திதா ஹக்சரும் பாதிக்கப்பட்டோரின் வாய்மொழிகளைத் திரட்டி 1987-இல் நூலாக்கினர். பாதிக்கப்பட்டவர்கள் தம் இழப்பை எவ்வாறு சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், அன்றாடச் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் எவ்வாறு மீண்டும் தொடங்குகிறார்கள் என்பதை இத்தகைய ஆய்வுகளே நமக்குக் காட்டுகின்றன. கணவரை இழந்த பெண்கள் பலர் திலக் விஹாரில் குடியமர்த்தப்பட்டனர். இன்றும் அப்பகுதி அந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தியே அறியப்படுகிறது. 2018 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு முக்கிய வழக்கில் தண்டனை விதித்தபோது 34 ஆண்டுகள் கடந்திருந்தன. நிகழ்ச்சியின்போது பள்ளியில் இருந்த குழந்தை அதற்குள் நடுத்தர வயதை அடைந்திருக்கும். அக்குழந்தை இழந்த கல்வியை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தர இயலாது.

முன்னேற்றத்தின் மீது விழும் அடி

வறுமை நீங்கினால் இக்குற்றங்களும் தாமே நீங்கிவிடும் என்று திட்டமிடுவோர் பலர் நம்பி வந்தனர். இந்நம்பிக்கையை மறு ஆய்வு செய்ய வேண்டிய நிலையை ஆராய்ச்சிகள் ஏற்படுத்தியுள்ளன. மாவட்ட வாரியான குற்றப் புள்ளிவிவரங்களையும் குடும்பச் செலவுப் புள்ளிவிவரங்களையும் ஒப்பிட்டு, பொருளாதார ஆய்வாளர் ஸ்மிருதி சர்மா 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கும் பிறருக்கும் இடையிலான வாழ்க்கைத்தர இடைவெளி குறையும் இடங்களில் இக்குற்றங்கள் கூடுவதாக அக்கட்டுரை காட்டியது. ஒருவர் ஏழையாக இருப்பதற்காக மட்டுமின்றி, ஏழ்மையிலிருந்து எழுவதற்காகவும் அடிபடுகிறார் என்பது இதன் பொருள்.

தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7-ஆம் நாள் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஒரு கலப்புத் திருமணமும் அதைத் தொடர்ந்த ஒரு தற்கொலையும் அதற்கு உடனடிக் காரணங்களாயின. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் போயின. அப்பகுதியினர் பலர் பெங்களூரு முதலிய ஊர்களில் கட்டட வேலை செய்து சேர்த்த பொருளைக் கொண்டு வீடு கட்டியவர்கள். தாக்குதலின் இலக்கு உயிர்களாக இல்லாமல் அந்தச் சேமிப்பாக இருந்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பல ஆண்டு உழைப்பு சில மணி நேரத்தில் சாம்பலானால், அதைக் கண்ட அடுத்த குடியிருப்பினர் தம் சேமிப்பை எதில் முதலிடத் துணிவர்?

பொருளுக்கு நேர்வதே அதிகாரப் பகிர்வுக்கும் நேர்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த சிலரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் அமைய இயலவில்லை. எவரும் போட்டியிட முன்வரவில்லை. வென்றவர்கள் உடனே பதவி விலகினர். அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர் மக்களுடன் தொடர்ந்து பேசியதன் பயனாக 2006 அக்டோபரில் அங்குத் தேர்தல் நடந்தேறியது. மேலவளவின் குருதி நான்கு ஊர்களின் தேர்தலையும் தடுத்தது என்று நேரடியாக நிறுவ இயலாது. எனினும் அச்சம் நிலவும் இடத்தில் இட ஒதுக்கீடு தாளில் மட்டுமே வாழும் என்பதில் ஐயமில்லை. நல்ல நிர்வாகம் அதை மீட்டெடுக்க முடியும் என்பதற்கும் அந்த 2006-ஆம் ஆண்டே சான்று.

சட்டம் தந்ததும் தராததும்

1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அது போதுமான அளவு செயல்படவில்லை என்பதைத் தமிழகத்தைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1969-இல் அளித்த அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டியது. 1976-இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. 1989-இல் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை உருவாக்குவதில் பங்காற்றிய பி.எஸ். கிருஷ்ணன் நம்மைப் போன்ற ஓர் அரசு அலுவலரே. 1995-இல் விதிகள் வந்தன. 2015-ஆம் ஆண்டின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளுக்கென ஒரு தனி அத்தியாயத்தை அது சேர்த்தது. சமூக விலக்கும் பொருளாதார விலக்கும் இச்சட்டத்தின் கீழ் வெளிப்படையாகவே வன்கொடுமைகளாயின.

விதிகளின்படி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நிகழ்விடம் செல்ல வேண்டும். ஏழு நாட்களுக்குள் உடனடி நிவாரணம் வழங்கப்பட வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட அட்டவணைப்படி, குற்றத்தின் தன்மைக்கேற்ப நிவாரணத் தொகை 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை அமைந்தது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியமும் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவும் உண்டு. எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசுச் செலவில் வீடு உண்டு. விலக்கு நிகழ்ந்தால், பிறருக்குக் கிடைக்கும் சேவைகள் யாவும் முழுமையாக மீட்டுத் தரப்பட வேண்டும். உலகின் பல நாடுகளின் சட்டங்கள் தண்டனையைக் கூட்டுவதோடு நிற்க, நம் சட்டம் நிவாரணத்தையும் புனர்வாழ்வையும் சேர்த்தே சிந்தித்தது பெருமைக்குரியது.

எனினும் மூன்று இடைவெளிகளைச் சுட்ட வேண்டியுள்ளது. முதலாவது, தொகை குற்றத்தின் பிரிவைப் பொறுத்தது. குடும்பத்தின் உண்மையான இழப்பைப் பொறுத்ததன்று. ஒரே பிரிவின் கீழ் வரும் இரு குடும்பங்களில் ஒன்று ஊரிலேயே இருக்கிறது. மற்றொன்று நிலத்தையும் வேலையையும் விட்டு நகரத்துக்குக் குடிபெயர்கிறது. இரண்டுக்கும் தொகை ஒன்றே. இரண்டாவது, பல பிரிவுகளில் நிவாரணத்தின் இறுதித் தவணை, குற்றவாளி தண்டிக்கப்பட்ட பின்னரே வழங்கப்படுகிறது. சாட்சி பிறழ்ந்தோ வழக்கு நடத்துவதில் குறை நேர்ந்தோ விடுதலைத் தீர்ப்பு வந்தால், காயம் உண்மையாயினும் கடைசித் தவணை நின்றுவிடுகிறது. தண்டனை விகிதம் தாழ்ந்திருக்கும் நாட்டில் இது சிறிய குறையன்று. மூன்றாவது, இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே, சமயம், மொழி, பிறப்பிடம் ஆகியவற்றின் பொருட்டுத் தாக்கப்படுவோருக்கு இத்தகைய விரிவான புனர்வாழ்வு ஏற்பாடு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதை, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி, பிறப்பிடம், மொழி முதலிய காரணங்களுக்காகச் செய்யும் கொலையைத் தனியே வகுத்து, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் பாதிக்கப்பட்டவர் பொதுவான இழப்பீட்டுத் திட்டத்தையே நாட வேண்டியுள்ளது.

ஓர் ஐயமும் விடையும்

அடி அடிதானே, ஒன்றுக்கு மட்டும் தனிச் சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இதுவரை கூறிய ஆழம், பரப்பு, காலம் ஆகிய மூன்றுமே அதற்கு விடை. தீங்கு பெரிதாயின் சட்டத்தின் கவனமும் பெரிதாக வேண்டும் என்பது பொது நியாயமே. இச்சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படக் கூடும் என்ற வாதமும் எழுந்தது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கைதுக்கு முன் அனுமதியும் முதல்நிலை விசாரணையும் வேண்டுமெனக் கட்டளையிட்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில் உச்சநீதிமன்றமே அக்கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020-இல் திருத்தத்தையும் உறுதி செய்தது. பொய் வழக்கு எந்தச் சட்டத்திலும் புகக் கூடும். அதைக் களைய நேர்மையான புலனாய்வே வழி. விடுதலையில் முடிந்த வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று கணக்கிடுவது புள்ளியியல் பிழை.

அலுவலர்களுக்கு ஒரு சொல்

வெறுப்பு ஊர்மக்களிடம் மட்டும் உறைவது என்று நாம் கருதிவிடலாகாது. தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி என்னும் பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடச் சென்ற வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் இழைத்த கொடுமையை நாடறியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது; அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அப்பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் வேலைக்கு வழி செய்யவும் ஆணையிட்டது. குற்றத்துக்கும் அந்த ஆணைக்கும் இடையே 31 ஆண்டுகள். பாதிக்கப்பட்டவர் முறையிடச் செல்லும் அலுவலகமே அவருக்குத் தீங்கு செய்தால், அவர் செல்ல வேறு இடமில்லை. ஆகவே அரசு ஊழியரின் கடமை தவறுதலை இச்சட்டம் தனிக் குற்றமாக வகுத்திருப்பது பொருத்தமே.

செய்யத்தக்கவை

புதிய சட்டம் எதையும் நான் கோரவில்லை. இருக்கும் அமைப்புகளைக் கொண்டே மூன்று செயல்களை மேற்கொள்ள இயலும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று விதி கூறுகிறது. பதிவான வழக்குகள் எத்தனை, வழங்கிய தொகை எவ்வளவு என்னும் இரண்டு பத்திகளோடு வேறு சில பத்திகளையும் அக்குழுவின் அறிக்கையில் சேர்க்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பம் அதே ஊரில் வசிக்கிறதா? அதன் உழைப்பாளர்களுக்கு வேலை கிடைக்கிறதா? பிள்ளைகள் பள்ளியில் தொடர்கிறார்களா? நியாயவிலைக் கடையும் குடிநீரும் தடையின்றிக் கிட்டுகின்றனவா? நிகழ்ச்சிக்குப் பின் மூன்றாம் மாதத்திலும், ஓராண்டிலும், ஐந்தாண்டிலும் இவற்றை விசாரித்து எழுதினால், நிவாரணம் உண்மையில் என்ன செய்தது என்பது தெரியவரும். கிராம நிர்வாக அலுவலரும் பள்ளித் தலைமையாசிரியரும் ஏற்கெனவே அறிந்திருக்கும் செய்திகளே இவை. கேட்பார் இல்லாமையால் ஏட்டில் ஏறவில்லை.

இரண்டாவதாக, வளர்ச்சித் திட்டங்களைத் தீட்டுவோர் பாதுகாப்பையும் திட்டச் செலவாகக் கருத வேண்டும். வீடு, நிலப்பட்டா, சுயவேலைக் கடன் ஆகியவை வழங்கப்படும் ஊர்களில் பூசல் எழும் வாய்ப்பையும் முன்கூட்டி மதிப்பிட வேண்டும். பத்து ஆண்டுகளில் உருவாகும் சொத்தை ஓர் இரவில் இழப்பதைவிட, அந்த இரவைத் தடுப்பது சிக்கனமானது.

மூன்றாவது, மாணவர்களைச் சார்ந்தது. 2006-இல் வெளியான ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ பற்றிய ஆய்வுக்காக, சுகதேவ் தோரட், கன்ஷியாம் ஷா முதலியோர் பங்கேற்ற குழு 11 மாநிலங்களில் 565 கிராமங்களிலிருந்து தகவல் திரட்டியது. அத்தகைய உழைப்பு மீண்டும் தேவை. ஒரு மாவட்டத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சில வன்கொடுமைகளை எடுத்துக்கொண்டு, அக்குடும்பங்களின் இன்றைய வருமானம், கல்வி, குடிபெயர்வு ஆகியவற்றை அதே ஊரின் பிற குடும்பங்களோடு ஒப்பிடுங்கள். முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள் அதில் உண்டு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நீங்கள் கேட்கும் வினா, ஆறிய புண்ணைக் கிளறக் கூடும்; நீங்கள் வெளியிடும் பெயர், இன்னோர் அடிக்குக் காரணமாகக் கூடும். பாதிக்கப்பட்டவர் சொல்ல விரும்பாததைக் கேளாமல் இருப்பதும் ஆய்வு ஒழுக்கமே.

அன்பர்களே, ஒரு வன்கொடுமை வழக்கு உங்கள் மேசைக்கு வரும்போது, முதல் தகவல் அறிக்கையின் எண், குற்றப்பிரிவு, தொகை ஆகியவை அதில் இருக்கும். அவற்றோடு, அந்தக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது, எவ்வாறு பிழைக்கிறது என்ற ஒரு வினாவையும் குறிப்பாக எழுதிக் கீழே அனுப்புங்கள். விடை வந்து சேரும் வரை அக்கோப்பை முடிக்காதீர்கள்.